மஞ்சள் துணி கட்டிய வேம்பு

கணக்குக்கு ஒரு மரம், அறிவியலுக்கு ஒரு மரம் என்று வைத்துக்கொள்ள எங்கள் பள்ளிக்கு வசதியில்லை. இருந்தது ஒரே ஒரு வேம்பு. எல்லாப் பாடத்தையும் அதை வைத்தே நடத்தினேன். நிழலை அளந்து உயரம் கண்டுபிடித்தால் கணக்கு. இலையைக் கிள்ளி நரம்பு பார்த்தால் அறிவியல். அடியில் உட்கார்ந்து, கிளையில் யார் யார் வந்து போனார்கள் என்று எழுதினால் தமிழ். செஞ்சி வெயிலில் பாறையெல்லாம் சூடேறி அனல் அடிக்கும்போது பிள்ளைகள் இந்தப் பாடங்களுக்கு ஓடிவந்ததில் ஆச்சரியமே இல்லை. மாதாமாதம் அடிமரத்தில் டேப்பைச் சுற்றி அளவெடுப்பது காலனியிலிருந்து வரும் ஆறாம் வகுப்புப் பெண்ணின் வேலை. அதை அவள் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

புதிய வகுப்பறை கட்ட மரத்தை எடுக்க வேண்டும் என்றார்கள். பக்கத்திலேயே காலி இடம் கிடக்கிறதே என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை மெஷின் ரம்பத்தோடு ஆள் வந்து நின்றான். பிள்ளைகள் ஜன்னல் கம்பிகளில் தொற்றிக்கொண்டார்கள்.

மரத்தருகே போனவன் சட்டென்று செருப்பைக் கழற்றினான். அடிமரத்தில் மஞ்சள் துணி, குங்குமம், எலுமிச்சம்பழம்.

"இன்னா டீச்சர் இது, அம்மா குடியிருக்குது. நான் கைவெக்க மாட்டேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்குது" என்றவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

கட்டியது சத்துணவு சமைக்கும் அக்கா. முந்தின நாள் அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்வந்த கையோடு, விடியும் முன்பே வேலையை முடித்திருக்கிறார். "வேற வழி தெர்ல டீச்சர்" என்று சிரித்தார். அவரைக் கட்டிக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. வெள்ளிக்கிழமை தெருக்காரர்கள் கற்பூரத் தட்டோடு வந்துவிட்டார்கள். அன்று எங்களுக்கு அளவெடுக்கும் நாள். அந்தப் பெண் டேப்போடு மரத்தை நெருங்கினாள்.

"ஏய், தள்ளி நில்லு. சாமி மரத்துல உனுக்கு இன்னா வேல?" என்றார் தட்டு வைத்திருந்தவர்.

மரத்தை ஒட்டி நின்ற மற்றப் பிள்ளைகளை அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"இவ தொடக்கூடாத மரம் இந்த ஸ்கூலுக்கு வேணாம். துணிய நானே அவுக்கறேன். மெஷின்காரருக்கும் நானே போன் பண்றேன்" என்று போனை எடுத்தேன்.

சும்மா மிரட்டவில்லை. அவர் இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் வெட்டவே கொடுத்திருப்பேன். பூசைக்கு வந்த பெண்கள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சமையல் அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் தட்டுக்காரர் ஏதோ முணுமுணுத்தபடி ஓரமாக நகர்ந்தார்.

"போ, அள" என்றேன்.

துணியில் கை பட்டுவிடாமல் பார்த்துப் பார்த்து டேப்பைச் சுற்றினாள். அளவைச் சொன்னாள், பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். டேப்பைச் சுருட்டி என்னிடம் கொடுத்தவள் கையை விடாமல் கேட்டாள்:

"அடுத்த மாசமும் நீங்க கூட வந்து நிப்பீங்களா டீச்சர்?"