மாற்றி வைத்த பாஸ் புத்தகங்கள்

புதுக்கோட்டையில் ஓர் ஆடிட்டரிடம் நான் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தேன். கூட்டல் கழித்தல் சரியா என்று பார்ப்பதைவிட, ஓர் இடத்தில் திருட வழி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. பெட்டிச் சாவி இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கிறதா, பணம் வாங்குகிறவரே பேரேட்டிலும் எழுதுகிறாரா என்று துருவித் துருவிப் பார்ப்பேன். ஒழுங்கு என்றால் எனக்கு உயிர். தையல் வேலையில் என் மனைவி சேர்த்த பணத்துக்கான தபால் ஆபீஸ் பாஸ் புத்தகத்தைக்கூட நான்தான் என் அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன்.

அணா போய் நயா பைசா வந்திருந்த சமயம். மீமிசலில் ஒரு சேமிப்பு நிதியைத் தணிக்கை செய்ய என்னை அனுப்பினார்கள். கடலுக்குப் போகிறவர்கள், கருவாடு விற்கும் பெண்கள், கடைத்தெரு வியாபாரிகள் எல்லோரும் மாதாமாதம் பணம் போட்டு, தேவைக்குக் கடன் வாங்கிக்கொள்ளும் நிதி அது. உறுப்பினர்களே அதற்கு முதலாளிகள். செயலாளர் கடைத்தெரு முஸ்லிம் குடும்பத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். நான் எந்த நோட்டைக் கேட்டாலும் தொப்பியைச் சரிசெய்துகொண்டுதான் எடுத்துக் கொடுப்பார்.

சாவி இரண்டும் இரண்டு பேரிடம் இருந்தன. ரொக்கம் சரியாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அடுத்து, பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பத்து உறுப்பினர்களை அவரவர் பாஸ் புத்தகத்தோடு வரச் சொன்னேன். பத்துப் பேரும் வந்தார்கள். ஒருவர் கையிலும் அவருடைய புத்தகம் இல்லை. கருவாட்டுக்காரம்மா தேங்காய் வியாபாரியின் புத்தகத்தை வைத்திருந்தார். துணிக்கடைக்காரர் ஒரு படகோட்டியின் புத்தகத்தை நீட்டினார்.

ஒருவர் புத்தகம் இன்னொருவர் கையில் இருந்தால் அங்கே மோசடி நடக்கிறது என்றுதான் எங்கள் தொழிலில் சொல்லித் தருவார்கள். தொகைகள் பத்தும் பேரேட்டோடு ஒத்துப்போனதை நான் சட்டை செய்யவே இல்லை. "கடுமையான ஒழுங்கீனம். செயலாளரைப் பொறுப்பிலிருந்து நீக்கவும், வழக்கத்தை உடனே நிறுத்தவும் பரிந்துரைக்கிறேன்" என்று குறிப்பு எழுதி, அதை அவருக்கே வாசித்தும் காட்டினேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "என்னைய நீக்குனாலும் நீக்குங்க சார். இந்த வழக்கத்த மட்டும் நிறுத்திராதீங்க. நிறுத்தினா இங்கிட்டு பொம்பளைங்க ஒருத்தரும் பணம் போட மாட்டாங்க. நாளைக்கு ஒரு நா இருந்து பாத்துட்டுப் போங்க."

ஏன் என்று கேட்க எனக்குப் பொறுமை இல்லை. கடைசி பஸ்ஸும் போய்விட்டதால்தான் இருந்தேன்.

மறுநாள் காலை ஒரு மீனவர் வந்தார். மனைவிக்குக் காய்ச்சல், வர முடியவில்லை, அவள் கணக்கிலிருந்து ஐம்பது ரூபாய் வேண்டும் என்று கைநாட்டு வைத்த தாளை நீட்டினார். செயலாளருக்குப் பாடம் காட்டிவிடலாம் என்று நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். உறுப்பினர் அட்டையில் இருந்த ரேகையோடு ஒப்பிட்டேன். சுழி ஒத்தது. கட்டைவிரலில் இருந்த வெட்டுத் தழும்பும் ஒத்தது.

"அசல் ரேகை. பணத்தைக் கொடுக்கலாம்" என்றேன்.

"பொஸ்தகம் வரட்டுங்க சார்" என்றார் செயலாளர்.

அந்த மனைவியின் புத்தகம் கடைத்தெருவில் பாய் விற்கும் ஒரு முஸ்லிம் அம்மாவிடம் இருந்தது. ஆள் போய்ச் சொன்னதும் அந்த அம்மா நேரே இங்கே வரவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு மீனவர் தெருவுக்கு நடந்திருக்கிறார். அரை மணி நேரம் நான் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது அவரோடு அந்த மனைவியும் வந்தார். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. கையெல்லாம் கருவாட்டுக்குப் போடும் உப்பு.

மீனவர் மனைவி கட்டைவிரலைக் காட்டினார். "ராத்திரி அசந்து தூங்கிட்டேங்க. காலையில பாத்தா வெரல்ல மசி. தேச்சுத் தேச்சுப் பாத்தேன், போகல."

கணவர் தரையைப் பார்த்தார். "வலையில பங்கு வாங்கத்தானே கேட்டேன். குடிக்கவா கேட்டேன்?"

"கேட்டியா? கேக்காமத்தானே எடுக்க வந்த!" என்றார் பாய்க்கார அம்மா.

அப்புறம்தான் செயலாளர் விளக்கினார். முன்பு ஒரு தடவை இதே மாதிரி ஒரு பெண்ணின் பணம் முழுவதும் போய்விட்டதாம். அதிலிருந்து புத்தகம் வேறு ஆளிடம்தான் இருக்கும். அந்த ஆள் சொந்தமாக இருக்கக்கூடாது. ஒரே தெருவாக இருக்கக்கூடாது. இரண்டு பேருக்கும் நடுவில் கொடுக்கல் வாங்கல் இருக்கக்கூடாது. புத்தகம் வைத்திருப்பவர், பணத்துக்கு உரியவரிடம் நேரில் போய் வாயால் கேட்காமல் புத்தகம் இந்த மேசைக்கு வராது.

ஒருவரை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று நான் பரீட்சைக்கு உருப்போட்டதை, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தெருவுக்குத் தெரு நடந்தே செய்துகொண்டிருந்தார்கள். என் பூதக்கண்ணாடிக்கு ரேகைதான் தெரிந்தது. அந்தப் பெண் சம்மதித்தாரா என்று அது சொல்லவில்லை. என் குறிப்பின்படி புத்தகம் அவர் வீட்டிலேயே இருந்திருந்தால், அந்த ஐம்பது ரூபாயை என் வாயாலேயே கொடுக்கச் சொல்லியிருப்பேன். அவர்கள் முன்னாலேயே குறிப்பைக் கிழித்தேன். செயலாளர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்தேன். என் மனைவியின் பாஸ் புத்தகத்துக்குள், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நான் அவளிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்த பணம் எடுக்கும் பாரங்கள் மூன்று இருந்தன. தொகை எழுதாதவை. முன்பு நான்கு இருந்தன; ஒன்றில் தொகையை நானே எழுதிப் பணம் எடுத்திருந்தேன். மிச்சம் மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, எதிர்வீட்டு டீச்சரிடம் அதைக் கொடுத்து வைக்கப் போனாள்.