சேவூரிலிருந்து அவிநாசிபாளையம், பேங்க் வழியாக

திருப்பூர் பேங்க்கில், பாஸ்புக் அச்சடிக்கும் மிஷினுக்குள் புத்தகத்தை மூன்று முறை தலைகீழாகச் செருகினேன். நாலாவது முறை செக்யூரிட்டி வந்து வாங்கித் திருப்பி வைத்தார். பின்னால் வரிசையில் சிரித்தார்கள். பனியன் கம்பெனியில் என்னைத் தையல் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

வீட்டிலேயே இரண்டு தையல் மிஷின் போடக் கடன் கேட்டுத்தான் போன புதன்கிழமை இந்தப் பயணம். சேவூரில் காலை 8.10க்கு டவுன் பஸ். இருபத்திரண்டு கிலோமீட்டர், ஒரு மணி நேரம். எனக்குப் பதினெட்டு ரூபாய், மனைவிக்கு இலவசம்.

கடன் பிரிவில் இருந்த அம்மணி பாஸ்புக்கைத் தொடவே இல்லை.

"அதெல்லாம் வேண்டாங்க. போன்ல ஒண்ணு வரும், சம்மதம்னு அமுத்துங்க."

படிக்காமல் அமுக்கினேன். ஒரு வருட வரவு செலவு அவர் திரையில் வந்து நின்றது.

"ஏனுங்க, ஞாயித்துக்கிழமையானா அவிநாசிபாளையம் பேக்கரிக்குப் போன்ல பன்னெண்டு ரூபா போகுதுங்களே. அங்க எதாச்சும் தொழில் பண்றீங்களா?"

"இல்லீங்க."

மனைவி திரையையே பார்த்தாள். ஞாயிறும் கம்பெனி வேலை என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அந்தப் பேக்கரிக்கு எதிர்வீடுதான் எங்கள் மகள் வாழப்போன வீடு. விரும்பிய பையனைக் கட்டிக்கொண்டாள் என்று இரண்டு வருடமாக நான் பேசுவதில்லை. மனைவியையும் போக விடவில்லை.

வெளியே வந்ததும் சொன்னாள்: "பேங்குக்கு ஒரு நொடில சம்மதம் குடுத்துட்டீங்க. எம்புள்ளைக்குத்தான் ரெண்டு வருசமா குடுக்க முடியலீங்க."

முன்பு பேங்க் நம் பணத்தை மட்டும் வைத்திருந்தது. இப்போது நாம் எங்கே போய் உட்கார்ந்தோம் என்பதையும் வைத்திருக்கிறது. அதைக் கொண்டுதான் ஆளை எடை போடுகிறது. கடனுக்குப் போகிறவர்கள், எத்தனை மாதக் கணக்கு, யார் பார்ப்பார்கள் என்று படித்துவிட்டு அமுக்குங்கள். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

திருப்பூரில் 11.40க்குத் தாராபுரம் பஸ். வழியில் அவிநாசிபாளையம் சுமார் இருபது கிலோமீட்டர், ஆளுக்கு இருபது ரூபாய். மனைவி முதலில் ஏறினாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வாங்கப்பா. இந்த வாரம் புதன்கிழமையே வந்துட்டீங்க."

"உனக்குத் தெரியுமா கண்ணு?"

"பேக்கரிக்காரர் சொல்லுவாருங்கப்பா. சக்கரை இல்லாம ஒரு டீ, ஒரு மணி நேரம் எங்கூட்டு வாசலையே பார்த்துட்டு உக்காந்திருப்பீங்கன்னு. கூப்பிட்டா அடுத்த வாரம் வராமப் போயிருவீங்களோன்னு கூப்பிடல." முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எப்ப இருந்துங்கப்பா வர்றீங்க?"

"ஒரு வருசம் இருக்கும்" என்றேன். பேங்க்கில் தெரிந்தது அவ்வளவுதான்.

இரண்டு வருடம் முன்பு அந்த வீட்டில் மகளின் கல்யாண விருந்து நடந்த அன்றும் எதிரே அதே பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அன்று சில்லறை கொடுத்து டீ குடித்தேன். அதை மட்டும் சொல்லவில்லை.