மிளகாய்ப் புஞ்சையில் இறங்கிய விமானம்

2022 நவம்பர் 25, கார்த்திகை 9, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்திருந்தது. காற்று இல்லை. அப்போதுதான் என் தம்பியின் விமானம் எங்கள் பங்காளியின் மிளகாய்ப் புஞ்சையில் இறங்கியது. தம்பியின் முதலாண்டு நினைவு நாளில் இம்மலரைப் பெறும் உறவினர் அனைவரும் நடந்ததை அறிய வேண்டும். பங்காளிக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.

தம்பி நாகலாபுரத்தில் பிறந்தார்; எனக்கு ஆறு வயது இளையவர். விமானப்படையில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றபின், கோவில்பட்டிக்கு வெளியே உள்ள ஓடுதளத்தில் ஆசிரியரானார். இரண்டே இருக்கை கொண்ட சிறு விமானம். ஒரு ஜோடி உழவுமாட்டின் எடைகூட இராது. வானில் கரணம் அடிக்கவும் தலைகீழாகப் பறக்கவும் அதில் நாற்பத்திரண்டு பேரைப் பழக்கினார். ஒருவருக்கும் ஒரு கீறல் பட்டதில்லை.

அன்று முன்னிருக்கையில் ஒரு மாணவி. கரணம் முடித்து நிமிர்ந்ததும் எஞ்சின் நின்றது. எட்டும் தூரத்தில் சமநிலம் அந்தப் புஞ்சை ஒன்றுதான். பதமாகத்தான் இறக்கினார். நனைந்த கரிசல் சக்கரத்தைக் கவ்வ, விமானம் குப்புறக் கவிழ்ந்தது. மாணவி ஊர்ந்து வெளியே வந்துவிட்டார். தம்பி கழுத்து நெரிபட, பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினார். பிறகு நடந்தது மாணவி என்னிடம் சொன்னது.

அவ்வழியே வேலைக்குப் போன பெண்கள் ஆறு பேர் ஓடிவந்தார்கள். பங்காளி வரப்பில் நின்று மறித்தார்.

"ஏட்டி, ஒருத்தியும் உள்ள எறங்கக் கூடாது! பூவெடுத்து நிக்குது."

"அண்ணாச்சி, நாலு பேரு வாலைத் தூக்கினாப் போதும்" என்றார் தம்பி.

"ஆகாசத்துல தலைகீழா நிக்கத் தெரியுமில்லா? இங்கனயும் செத்த நேரம் நில்லு. எத்தனை செடி போச்சுன்னு எண்ணுதேன்."

இருபத்தைந்து நிமிடம் எண்ணினார். கடைசியில், "உம்ம மிளகா நாசமாப் போவட்டும்" என்று அவரைத் தள்ளிவிட்டு அப்பெண்களே இறங்கித் தம்பியை மீட்டார்கள்.

கழுத்து நரம்பு நசுங்கி இரு கைகளும் விளங்கவில்லை. பதினான்கு மாதம் படுக்கை. "விடுங்கண்ணே, அவருக்கு அவரு செடி" என்பார் தம்பி. நான் விடவில்லை.

தம்பி மறைந்த அன்று, குளிப்பாட்டும் நீரை ஊர்வலமாகப் போய் எடுத்துவரும் நீர்மாலைக்கு, பங்காளி என்ற உரிமையில் தோளில் துண்டோடு அவர் வந்தார். வாசலில் மறித்தேன்.

"பொறும்வே. பந்தல்ல எத்தனை நாற்காலி கெடக்குன்னு எண்ணுதேன்."

ஊரே பார்க்க, வெயிலில் இருபத்தைந்து நிமிடம். நீர்மாலை அவரில்லாமலே போய்த் திரும்பியது.

அந்த ஆறு பெண்களுக்கும், மாதம் தவறாமல் வந்து தம்பிக்கு ஒரு வேளையாவது ஊட்டிவிட்டுப் போன மாணவிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது.

சென்ற ஆவணியில் மகள் கல்யாணத்துக்காகப் பங்காளி அந்தப் புஞ்சையை விற்றார். தரகர் மூலம் வாங்கியவன் நான் என்பது பத்திர அலுவலகத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. அதில் இனி உழவில்லை, விதைப்பில்லை. உருளை ஓட்டிச் சமப்படுத்தி வைத்திருக்கிறேன். எஞ்சின் நின்றால் எவரும் இறங்கலாம். புஞ்சைக்கு எதிரே உள்ள தம் வீட்டுக் கதவை தினமும் அவர் திறந்தால் முதலில் தெரிவது அந்த நிலம். பத்திரச் செலவு உட்பட எனக்கு ஆனது, ஆயுள் சேமிப்பு முழுவதும்: இருபத்தொன்பது லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்.