தீவுக்கு வாங்கிய ஷூ

சிங்கப்பெருமாள் கோவிலை விட்டு வடக்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு கோணிப்பை. உள்ளே முழுக்கப் புது கேன்வாஸ் ஷூ. அவற்றுக்குள் நுழைந்திருக்க வேண்டிய கால்களெல்லாம் கொப்புளத்தோடு வேனில் ஏறித் தாம்பரம் போய்விட்டன. வேனில் இட்லி அண்டாவுக்கு இடம் இருந்தது, எனக்கு இல்லை.

நடப்பதில் எனக்கு வருத்தம் கிடையாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அதற்கப்புறம் போன ஊர்களில் பாதிக்கு நடந்தேதான் போயிருக்கிறேன். வருத்தம் வேறு. மதெய்ரா தீவுக்குப் போகும் கூட்டத்தில் மூட்டை தூக்க என்னையும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சு அன்று கோவில் படிக்கட்டிலேயே முடிந்துபோனது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மேற்குத் தாம்பரத்தில் காசி, ராமேஸ்வரம் என்று பஸ் யாத்திரை நடத்தும் ஒரு அண்ணாவிடம் வேலைக்கு இருந்தேன். பஸ் மேல் மூட்டை கட்ட வேண்டும், பந்தியில் சாம்பார் ஊற்ற வேண்டும், அண்டா கழுவ வேண்டும். தூக்கம் ஆபீஸ் பெஞ்சில். அதற்கு முன்னால் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் தூங்கியவன் என்பதால் பெஞ்சு எனக்குப் பதவி உயர்வு.

பக்கத்துக் காலனியில் இருந்த கணக்கு டீச்சர் அக்காதான் அந்தத் தீவைக் கொண்டுவந்தார். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த பக்கங்கள். போர்ச்சுகல்காரர்களின் தீவாம். கொளுத்தும் வெயிலும் இல்லை, நடுக்கும் குளிரும் இல்லை. மலையின் இடுப்பைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். வாய்க்கால் ஓரமாகவே ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பாதாளம். நடுவில் சுரங்கம் வரும், டார்ச் அடித்துக்கொண்டு போக வேண்டும். பிறகு பிரம்பு வண்டி ஒன்றில் உட்கார்ந்தால், வைக்கோல் தொப்பி போட்ட இரண்டு பேர் மலைரோட்டில் சறுக்கித் தள்ளிவிடுவார்கள். நடப்பதற்காகச் செலவு செய்து பிளேன் ஏறுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"எங்க போனாலும் கோவிலாவே இருக்கு. கோவில் இல்லாத ஊர் ஒண்ணை ஒரு தடவை சுத்திட்டு வந்துடறேனே," என்றார் அக்கா.

ஒரு கூட்டமாகச் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும் என்று அண்ணா சொல்ல, அக்கா காலனியில் ஆள் பிடித்தார். பேங்கிலிருந்து ரிட்டயரான சார் ஒருவர் முதலில் பேர் கொடுத்தார். அவரை நம்பி மற்றவர்களும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆபீஸில் திட்டம் போட்டார்கள். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அதனால் சனிக்கிழமை கிளம்பும் பிளேன்தான் வேண்டும் என்றார் பேங்க் சார். சுரங்கத்துக்குள் இருக்கும்போது ராகுகாலம் வந்தால் வெளியே வந்து நிற்பதா, உள்ளேயே நிற்பதா என்று ஒரு மாமி கேட்டார். அண்ணாவுக்குச் சாப்பாட்டுக் கவலை.

"அந்தப் பிரம்பு வண்டில புளியோதர குண்டான வச்சா தள்ளுவானுங்களா? கேட்டுச் சொல்லுடா," என்றார் என்னிடம், தீவு ஏதோ குரோம்பேட்டையில் இருப்பது போல.

மலையில் நடக்கப் பழக்கம் வேண்டும், எல்லாரும் ஷூ போட்டுக்கொண்டு தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் ஒரு நாள் நடந்து பார்க்கலாம் என்று யோசனை சொன்னவர் அக்காதான். பல்லாவரம் சந்தையில் கடை போடும் ஒருவரிடம் அண்ணா மொத்தமாக ஷூ எடுத்தார். விடுமுறை ஒன்று வியாழக்கிழமையில் வந்தது. விடியுமுன்னே ஆபீஸ் வாசலில் கூடினோம்.

பேங்க் சார் வெறுங்காலோடு வந்தார். விசா நல்லபடியாகக் கிடைக்க வேண்டும் என்று நரசிம்மருக்கு வேண்டிக்கொண்டாராம், செருப்பில்லாமல் நடந்து வருகிறேன் என்று. நடக்கிற வழியின் முடிவில் கோவில் இருப்பதை அதுவரை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது நினைத்தார்கள். ஒருவர் சாமிக்காக வெறுங்காலில் நடக்கும்போது பக்கத்தில் ஷூ போட்டு நடக்க யாருக்குத் தைரியம் வரும்? மாட்டிய ஷூவைக் கழற்றினார்கள். ஆளுக்கொரு வேண்டுதல் அங்கேயே உருவானது. ஷூவெல்லாம் என் கோணிப்பைக்கு வந்தது. அக்கா மட்டும் கழற்றவில்லை.

வண்டலூர் வரைக்கும் கோவிந்தா போட்டார்கள். ஊரப்பாக்கத்தில் கோவிந்தா நின்றது. கூடுவாஞ்சேரி தாண்டியதும் தார் கொதித்தது, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நொண்டினார்கள். பின்னால் இட்லியோடு வந்த வேனில் யாரும் ஏறவில்லை, வேண்டுதலாயிற்றே. நன்றாக நடப்பதற்கென்று வந்தவர்கள், நடக்கவே முடியாதபடி காலைக் கெடுத்துக்கொண்டு சாமி கும்பிட்டார்கள்.

படிக்கட்டில் உட்கார்ந்து பேங்க் சார் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார்.

"அந்த ஊரெல்லாம் நமக்கு ஒத்துக்காது. பத்ரிநாத் போயிடலாம், டோலி கிடைக்கும்."

ஒருவர்கூட மறுக்கவில்லை. அண்ணா முகத்தில் நிம்மதி. "பத்ரின்னா நம்ம பஸ்ஸு, நம்ம சமையல்காரரு. பேஜாரே கெடையாது," என்றார். சனிக்கிழமைக்குள் அண்டாவெல்லாம் தேய்த்து வைக்கவும், ஷூவைச் சந்தையில் திருப்பிக் கொடுக்கவும் என்னிடம் சொன்னார்.

அக்கா தன் ஷூவைத் தட்டித் தூசி போக்கித் தோள்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நீங்களும் பத்ரி போகிறீர்களா என்று கேட்டேன்.

"அங்க என்னப்பா இருக்கு, கோவில்தானே?" என்றார். பிறகு என் காலைப் பார்த்தார். "நீ ஏன் வெறுங்காலோட நிக்கறே? உனக்குத்தான் வேண்டுதல் ஒண்ணும் இல்லையே."

வேன் போனதும் பையைக் கிளறி எனக்கு ஆகிற ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது. பெருங்களத்தூர் வருவதற்குள், இனி அண்டா தேய்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காலை பல்லாவரம் சந்தையில் கோணிப்பையைக் கடைக்காரர் முன்னால் கொட்டினேன். திருப்பி எடுக்க மாட்டேன் என்று அவர் சத்தம் போட, நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் ஷூவை எடுத்து, இது எதற்கு ஆகும் என்று என்னைக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். தீவு, வாய்க்கால், ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பாதாளம், சுரங்கம், டார்ச். அவர் ஒரு ஜோடி வாங்கினார். அவர் மச்சானுக்கு இன்னொன்று.

கடைக்காரர் சத்தத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ அங்க போயிருக்கியா?"

"போயிருக்கேண்ணா."

"இங்கயே நின்னு கூவு. சாப்பாடு நம்மளது," என்றார்.

நின்றேன். கோணிப்பை காலியாவதற்குள் சுரங்கத்தில் வௌவாலும் சேர்ந்திருந்தது.