பீப்பாயில் வாய் வைத்த என் மாடுகள்

மாட்டு வைத்தியத்தை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பிறர் மாட்டை மேய்த்துக் கூலியாகப் பெற்ற ஒரு கன்றிலிருந்து, கிண்ணியாவில் யாரும் நின்று பார்த்துவிட்டுப் போகும் மாட்டுப் பட்டியை உண்டாக்கினேன். வயிறு ஊதினால் இஞ்சியும் உள்ளியும் பெருங்காயமும் இடித்து நல்லெண்ணெயில் கலந்து பருக்குவேன். குளம்பில் புழு வைத்தால் வேப்பெண்ணெயும் கற்பூரமும். வாய்ப்புண்ணுக்குத் தேனும் மஞ்சளும். தோப்பூரிலிருந்துகூட மோட்டார் சைக்கிளில் வந்து என்னை ஏற்றிப்போவார்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்; ஆனால் இல்லாததைச் சொல்லவில்லை.

போன மாரிகாலத்தில் கால் வாய் நோய் என் பட்டிக்கே வந்துவிட்டது. நாக்கில் கொப்புளம், குளம்பிடுக்கில் புண், வாயிலிருந்து நூல் நூலாக எச்சில். மிருக வைத்தியர் வந்தார். என் மகனைவிட இளையவர்.

"மாமா, பட்டிய எங்கயும் கொண்டு போகாதீங்க. எச்சில் பட்ட இடமெல்லாம் பரவும். கண்டுக்குட்டிகளத் தாயிட்ட விடாம வேற கட்டுங்க. அதுகள் தாங்காது."

"ஊசிய நீங்க போடுங்க தம்பி. குளம்பு ஆற என்ன செய்யணுமெண்டு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும் மாமா. மத்தவன்ட வாசல்ல வாய் வைக்கக் கூடாதெண்டு உங்கட மாட்டுக்குத் தெரியுமா?"

பக்கத்தில் நின்ற என் மனைவி சிரித்துவிட்டா. அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

கன்றுகளை வேறாகக் கட்டினேன். மற்றச் சொல்லைக் கேட்கவில்லை. குளம்புப் புண்ணுக்குத் தம்பலகாமக் குடாவின் உப்புச் சேற்றை மிஞ்சிய மருந்து கிடையாது. மாட்டைச் சேற்றில் நிறுத்தி எடுத்தால் புண் காய்ந்துவிடும். மறுநாள் விடியச் சுபஹுத் தொழுத கையோடு பட்டியை வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையால் ஓட்டிப் போனேன்.

ஒழுங்கை முனையில் ஒரு பெண் இருக்கிறா. புருஷனுக்கு முதுகு ஏலாது, வேலைக்குப் போவதில்லை. ஒரேயொரு பசுவின் பாலைத் தேநீர்க் கடைக்குக் கொடுத்துத்தான் அந்த வீடு ஓடுகிறது. வாசலில், பாதியாக அறுத்த நீலப் பீப்பாயில் எந்நேரமும் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பா. போகிற வருகிற வாயில்லாச் சீவன்கள் குடித்தால் நன்மை என்று. அவவின் பசு குடிப்பதும் அதில்தான்.

என் மாடுகள் போய் அதில் வாயை வைத்தன. எச்சில் தண்ணீரில் நுரையாக மிதந்தது. கம்பு என் கையில் இருந்தது. தாகத்தில் குடிக்கிற மாட்டை அடிப்பது பாவம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகாவது பீப்பாயைக் கவிழ்த்திருக்கலாம். அவ கதவைத் திறந்து, ஏன் கவிழ்க்கிறீர்கள் என்று கேட்டால், வைத்தியர் சொன்னதைச் சொல்ல வேண்டி வரும். ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

என் மாடுகளுக்குக் குளம்பு ஆறியது. அந்தத் தேநீர்க் கடையில் குந்தியிருந்து அதைப் பெரிதாகக் கதைத்தேன். அப்படிக் கதைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவ பால் போத்தலோடு வந்து நின்றா.

"காக்கா, என்ட மாடு புல்லக் கடிக்குதில்ல. வாயால வடியுது. ஒருக்கா வந்து பாருங்களேன்."

போனேன். மாட்டின் வாயைத் திறக்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

"என்ன வருத்தம் காக்கா?"

"முள்ளுப் புல்லு குத்திப் புண்ணாயிருக்கு தங்கச்சி. வேறொண்டுமில்ல."

தேனும் மஞ்சளும் பூசினேன். குளம்பிலும் முள்ளுத்தான் என்று சொல்லி மருந்து போட்டேன். கன்று மடியை முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. வேறாகக் கட்டச் சொன்னால் முள்ளுக்கு ஏன் அப்படி என்று கேட்பா. பேசாமல் கை கழுவினேன்.

பசு தேறியது. கன்று குடித்துக்கொண்டு நின்றபடியே விழுந்து செத்துப்போனது.

நாட்டுப் பசு கன்றில்லாமல் பால் இறக்காது. கடைக்குப் போன பால் நின்றது. என் பட்டியில், நோயில் தாய்க்குப் பால் வற்றிய கன்று ஒன்று இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். பசுவின் மடியில் பீய்ச்சிய கொஞ்சப் பாலில் உப்பைக் கரைத்துக் கன்றின் முதுகெல்லாம் தேய்த்தேன். பசு முதலில் உதைத்தது. பிறகு மணந்து பார்த்தது. பிறகு நக்கத் தொடங்கியது. கன்று மடிக்குள் தலையை விட்டது.

"அல்லாஹ் உங்களுக்கு நிறையத் தருவான் காக்கா. என்ட வாப்பாகூட இப்பிடிச் செய்திருக்க மாட்டார்" என்று அவ இரண்டு கையையும் ஏந்தித் துஆக் கேட்டா.

அந்தத் துஆவை என்னால் வாங்க ஏலாமல் போனது. உப்புச் சேறு, பீப்பாய், முள்ளு என்று சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். ஏந்திய கை மெல்ல இறங்கியது.

"அண்டைக்கே சொல்லியிருந்தா கண்டுக்குட்டிய வேற கட்டியிருப்பன்."

"ஓம் தங்கச்சி."

"உங்கட கண்டுகள வேற கட்டினீங்களா?"

"ஓம்."

கன்று சப்புக்கொட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. அவ என் முகத்தைப் பார்க்கவில்லை. கன்றின் முதுகில் ஒட்டியிருந்த உப்பை விரலால் தட்டிவிட்டா.

"கண்டுக்குட்டி நிக்கட்டும். நீங்க போங்க."