சாவி என்று சொன்ன சங்கிலி

அன்றைக்கு அந்த ஜெபக்கூடத்தில் இருந்தது பதினான்கு பேர். தலைமையாசிரியை ஒருவர். ஐயர் ஒருவர், லுத்தரன் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். போர்டிங்கில் சமைக்கிற அக்கா. போர்டிங் பிள்ளைகள் ஒன்பது பேர். என் மகள். அப்புறம் நான். இந்தப் பதினான்கு பேரில் பொய் சொன்னது ஒரே ஒரு ஆள்தான். அது நான்.

போன தை மாதக் கடைசி. வெள்ளிக்கிழமை, பதினோரு மணி இருக்கும். எங்கள் ஊர் திருவரங்குளம் பக்கம். ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற லுத்தரன் உயர்நிலைப் பள்ளியில் என் மகள் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் ஏழாவதோடு நின்றவள். பள்ளிக்கூடத்து கேட்டைத் தாண்டினாலே இன்றைக்கும் எனக்குப் பயம்தான், யாராவது வாய்ப்பாடு கேட்டுவிடுவார்களோ என்று. பொதுவாகவே நான் பயந்த சுபாவம். கேஸை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பி வருவேன். என் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். அவர் போன் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

அந்தப் பள்ளியில் ஒரு பழக்கம் உண்டு. வருஷத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையிடமும் மூடி போட்ட ஒரு டப்பா கொடுப்பார்கள். வீட்டில் தினமும் உலை வைக்கும் முன் அதில் ஒரு பிடி அரிசி போட வேண்டும். பிடி அரிசிக் காணிக்கை என்பார்கள். தை மாதம் அறுப்பின் பண்டிகை வரும்போது எல்லோரும் டப்பாவைக் கொண்டுபோய் ஜெபக்கூடத்தில் கொட்டுவார்கள். அந்த அரிசி போர்டிங் பிள்ளைகளுக்கு. அப்பா அம்மா திருப்பூரிலும் கேரளாவிலும் வேலைக்குக் கிடக்க, இங்கே தங்கிப் படிக்கிற பெண் பிள்ளைகள் அவர்கள்.

நாங்கள் கருப்பரைக் கும்பிடுகிற குடும்பம். முதல் வருஷம் டப்பா வந்ததும் எனக்கு இரண்டு கவலை. அரிசி போட்டால் நம் சாமிக்குக் கோபம் வருமோ? ரேஷன் அரிசியைப் போட்டால் இவர்கள் முகம் சுளிப்பார்களோ? தலைமையாசிரியையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நீங்க என்ன பொங்குறீங்களோ அதுல ஒரு பிடிங்க. அவ்வளவுதான்" என்றார். அன்றிலிருந்து போட ஆரம்பித்தேன். உண்மையைச் சொன்னால், காலையில் அந்த ஒரு பிடியைப் போடுகிற நேரம் மட்டும் எனக்கு மனசு கொஞ்சம் நிதானமாக இருக்கும்.

இப்போது சங்கிலிக்கு வருகிறேன். என் நாத்தனார் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகும்போது தன்னுடைய ஒன்றரைப் பவுன் சங்கிலியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். "அண்ணி, அங்க ரூம்ல எட்டுப் பேரு. நீங்க வச்சிருங்க" என்றாள். அவளுடைய புருஷன் அவளை விட்டுப் போன பிறகு அவளிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதை வாங்கி வைத்த நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. பீரோவில் வைத்தேன், பீரோவைத்தானே முதலில் உடைப்பான் என்று எடுத்தேன். புளிப் பானையில் வைத்தேன், கறுத்துப் போகும் என்று எடுத்தேன். அடுத்த தெருவில் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று எனக்கு ஒரு யோசனை வந்தது. சாமிக்கு என்று ஒதுக்கிய டப்பாவில் எந்தத் திருடன் கை வைப்பான்? துணியில் முடிந்தால் கைக்குத் தட்டுப்படும் என்று சங்கிலியை அப்படியே பிடி அரிசிக்குள் புதைத்தேன். பண்டிகை ஞாயிற்றுக்கிழமை, அதற்குள் எடுத்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஐயருக்கு வேறு ஊரில் ஆராதனை என்பதால் பள்ளிப் பண்டிகையை வெள்ளிக்கிழமைக்கு மாற்றியிருக்கிறார்கள். மகள் புதன்கிழமையே என்னிடம் சொன்னாளாம். நான் அவள் அப்பா போன் வரவில்லையே என்ற நினைப்பில் "ம்" என்றேனாம்.

நான் விடியும் முன்பே மல்லிகைப் பூ பறிக்கப் போய்விடுவேன். அந்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் திரும்பி வந்து பார்க்கிறேன், அடுப்பு மேடையில் டப்பா இருந்த இடத்தில் வட்டமாகத் தூசித் தடம் மட்டும் இருக்கிறது.

எப்படி அந்த நாலு கிலோமீட்டரைக் கடந்தேன் என்று கேட்காதீர்கள். பாதி தூரம் ஓடினேன், பாதி தூரம் ஒரு ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் ஒரே நினைப்பு. தொலைந்துவிட்டது என்று சொன்னால் நாத்தனார் நம்புவாளா? நானாக இருந்தால் நம்ப மாட்டேன்.

பிள்ளைகள் காலையிலேயே கொட்டிவிட்டு வகுப்புக்குப் போயிருந்தார்கள். ஜெபக்கூடத்தின் முன்னால் கரும்பும் வாழைக்குலையும் பூசணிக்காயும் சாத்தியிருந்தன. நடுவில் பாய் விரித்து, இடுப்பு உயரத்துக்கு அரிசிக் குவியல். சிவப்பு, வெள்ளை, புழுங்கல், பச்சை எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது. போர்டிங் பிள்ளைகள் அதைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். "என்னங்க, யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

அப்போதுதான் அந்தப் பொய் வாயில் வந்தது. தங்கம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. சொன்னால் முதலில் கண்டெடுக்கிற கை வாயைத் திறக்குமா? "பீரோ சாவிங்க. பாப்பா கொண்டாந்த டப்பாவுல விழுந்துருச்சு" என்றேன்.

"சாவிதானே?" என்று சமையல் அக்கா சிரித்தது. "ரெண்டு படி அரிசி உலையில வேற போட்டுட்டேன். வெந்துருந்தா சாம்பாரோட வரும், எடுத்துக்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முகத்தைப் பார்த்த அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏ பிள்ளைகளா, மொறத்தை எடுங்க. சாவி இல்லாம அந்தம்மா எப்படி வெறுங்கையோட வீட்டுக்குப் போவாக?" என்றது. மகளையும் வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். சாக்கில் கட்டியதை எல்லாம் மறுபடி பாயில் கொட்டினார்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்து பிடி பிடியாகப் புடைக்க ஆரம்பித்தோம். ஐயர் வெள்ளை அங்கியோடு வந்தவர், விஷயம் கேட்டு, அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார். பிள்ளைகள் மத்தியான ஆராதனைக்குப் பழகிய ஞானப்பாட்டை முணுமுணுத்தபடி அரிசியை அளைந்தார்கள். இல்லாத ஒரு சாவிக்காக.

அக்கா பேசிக்கொண்டே புடைத்தது. "முன்ன ஒரு வருஷம் இதே மாதிரி குமிச்ச அரிசிக்குள்ள ஒரு மோதிரம் கெடந்துச்சு. யாரு போட்டாகன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பேரு சொல்லாம காணிக்கை போட்டுட்டுப் போயிட்டாக. அதுலதான் போர் மோட்டார் வாங்குனது. இந்த வருஷம் எவுகளாச்சும் அப்படிப் போட்டா என் அடுப்படிக் கூரையை மாத்திப்புடலாம். ஐப்பசி மழையில ஒரு கையில கொடை, ஒரு கையில கரண்டி."

சங்கிலி கிடைத்தால் அதையும் காணிக்கை என்றுதான் நினைப்பார்கள். அப்போது அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எதையோ சட்டென்று இடுப்பில் செருகியது போல இருந்தது. அதற்குப் பிறகு நான் அரிசியைப் பார்க்கவே இல்லை. அக்காவின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். திடீரென்று அக்கா முறத்தைத் தலைக்கு மேல் தூக்கியது. "ஐயரே! டீச்சரம்மா! இங்கிட்டு பாருங்க!" அரிசிக்கு நடுவில் நாத்தனார் சங்கிலி சுருண்டு கிடந்தது. "சாவி தேடப் போயி சங்கிலி கெடச்சிருக்கு. இந்த வருஷமும் எவுகளோ போட்டிருக்காக!"

பிள்ளைகள் கை தட்டினார்கள். தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆறாவது படிக்கிற ஒரு பிள்ளை, "இனிமே சோத்துல தண்ணி சொட்டாதுல்ல அக்கா?" என்று கேட்டது. ஐயர் சங்கிலியை இரண்டு கையிலும் வாங்கி, பீடத்தின் வெள்ளைத் துணி மேல் வைத்து, ஜெபம் பண்ணக் கண்ணை மூடினார். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

நானும் என் மகளும் மட்டும் மூடவில்லை. அவளுக்கு அந்தச் சங்கிலியைத் தெரியும். அத்தை கழுத்தில் சின்ன வயதிலிருந்து பார்த்தது. அவள் என்னைத் திட்டுகிற மாதிரி பார்க்கவில்லை. அம்மா என்ன செய்யப் போகிறாள் என்று பார்த்தாள்.

"பேர் தெரியாத அந்தக் கைகளை ஆசீர்வதியும்" என்று ஐயர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஆமென் சொல்லிவிட்டால் அப்புறம் என்னால் வாயைத் திறக்கவே முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

"சாமி, நிப்பாட்டுங்க" என்று கத்திவிட்டேன். "அது காணிக்கை இல்ல. என் நாத்தனாரு சங்கிலி."

ஐயர் கண்ணைத் திறந்தார். அக்காதான் முதலில் கேட்டது. "அப்ப சாவி?"

"சாவியே இல்லக்கா."

"அடிப்பாவி! இல்லாத சாவிக்கா இம்புட்டு நேரம் முட்டி தேய ஒக்காந்திருந்தோம்?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நான், "தங்கம்னு சொன்னா யாராச்சும்..." என்று ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை. அக்கா முடித்தது. "எடுத்துருவாகன்னு. அதான் என் இடுப்பையே பார்த்துக்கிட்டு இருந்தியா?" செருகியிருந்ததை எடுத்து என் முன்னால் போட்டது. சுருக்குப் பை. உள்ளே வெற்றிலையும் பாக்கும் இருந்தன. அக்காவுக்குக் கோபம்தான், அதை மறைக்கவும் இல்லை. காதில் பொட்டுத் தங்கம் இல்லாத அந்த மனுஷிதான், ஒன்றரைப் பவுனை எடுத்த வேகத்தில் பத்துப் பேருக்குத் தெரியக் கத்தியது.

ஐயர் சங்கிலியை எடுத்து வந்து என் கையில் வைத்தார். எனக்கு அதிலும் பயம். பீடத்தில் வைத்ததைத் திருப்பி எடுத்தால் குற்றமாகாதா? "தெரியாம விழுந்தது வெறுமனே விழுந்ததுதாம்மா. மனசறிஞ்சு குடுத்தாத்தான் காணிக்கை" என்றார்.

"அப்படின்னா ஒரு ரெண்டாயிரம் கட்டிடுறேன் சாமி. இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது."

அவர் சிரித்தார். "எங்க சபையில அப்படி ஒரு பேரமே கெடையாதும்மா. ஆண்டவர் குடுக்குறதுக்கு நாம விலை கட்ட முடியாதுன்னுதான் எங்க ஆளுக ஐந்நூறு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்காக. பயந்துக்கிட்டு ஒண்ணும் குடுக்காதீங்க. சந்தோஷமா இருக்குற அன்னிக்குக் குடுங்க."

உடனே அக்கா, "நல்லாச் சொன்னீக ஐயரே! இந்தம்மா மூஞ்சியப் பாருங்க. அது என்னிக்குச் சந்தோஷமாகுறது, நான் என்னிக்குக் கூரை போடுறது?" என்றது.

அங்கே சிரிக்காத ஆள் இல்லை. நானும் சிரித்தேன். கண்ணீரும் வந்தது. சிரித்த வாயோடேயே, "கூரைக்கு ஒரு ஷீட்டு நான் போடுறேன்க்கா" என்றேன். யாரும் கேட்காமல், எந்தப் பயத்துக்கும் இல்லாமல் நான் கொடுத்த முதல் வாக்கு அதுதான் என்று நினைக்கிறேன். மத்தியானம் பந்தியில் அக்கா என் இலைக்கு மட்டும் இரண்டு கரண்டி சாம்பார் கூடுதலாக ஊற்றியது. "நல்லாப் பார்த்துச் சாப்பிடு, சாவி கெடக்கும்" என்றபடி நகர்ந்தது.

அன்று சாயங்காலம் நாத்தனாருக்குப் போன் போட்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். வசவுக்குத் தயாராகத்தான் இருந்தேன். அவள் வையவில்லை. "என் சங்கிலிக்கா அண்ணி கை தட்டுனாக?" என்று கேட்டாள். அடுத்த சம்பளத்தில் ஐந்நூறு ரூபாய் அனுப்பி, என் ஷீட்டில் அவளையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். சங்கிலியை இப்போது பேங்க் லாக்கரில் வைத்திருக்கிறோம்.

அடுத்த வாரம் நடந்த பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை என் பேரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். இன்னும் பத்துக் குடும்பத்துக்காரர்கள் ஆளுக்கொரு ஷீட்டு என்று எழுந்தார்களாம். ஆலங்குடியில் ஒரு கடைக்காரர், முடிகிறபோது கட்டுங்கள் என்று பதினொன்றையும் அனுப்பிவிட்டார். இந்த ஐப்பசி மழைக்கு அக்கா குடை பிடிக்கவில்லை. அடுப்புக்கு நேர் மேலே மூன்றாவது ஷீட்டு என்னுடையதாம்; பிள்ளைகள் அதற்குச் சாவி ஷீட்டு என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு ஷீட்டு ஆயிரத்து எண்ணூறு. நாத்தனார் கொடுத்தது ஐந்நூறு. மல்லிகை விலை விழுந்த இரண்டு மாதம் போக, மாதம் நூறாக நான் கொடுத்தது எழுநூறு. வாழ்க்கையில் கடன் என்ற சொல்லைக் கேட்டாலே படபடத்துப் போகிற எனக்கு, நினைத்தால் நிம்மதியாகத் தூக்கம் வருகிற கடன் இது ஒன்றுதான். இன்னும் அறுநூறு ரூபாய் பாக்கி.