டம்மி பின் என்று ஒன்று கிடையாது

நேற்று குருபரப்பள்ளியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். எங்கள் கச்சேரி லேட்டாக ஆரம்பித்தது என்னால்தான். கச்சேரி வீடியோவுக்குக் கீழே ஆளாளுக்குத் திட்டுவதற்கு முன்னால் காரணத்தை எழுதிவிடுகிறேன்.

நாங்கள் எல்லோரும் ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கிறவர்கள். நான் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ். லீவு நாளில் கிட்டார்.

இரண்டாவது கிட்டாரிஸ்டுக்குக் கடைசி நேரத்தில் ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள். (சூப்பர்வைசருக்கு இசை பிடிக்காது போல.) அதனால் என் ஒரே கிட்டாரை இரண்டு ஆம்ப்பில் விட்டேன். மேடையின் இடப்பக்கம் ஒன்று, சுத்தமான சத்தம். வலப்பக்கம் ஒன்று, கரகரவென்று. கீழே உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு பேர் வாசிக்கிற மாதிரி இருக்கும்.

இரண்டையும் ஆன் செய்ததும் 'ம்ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். ஸ்பீக்கருக்குள் மாட்டு ஈ புகுந்த மாதிரி.

காரணம் தெரிந்ததுதான். இரண்டு ஆம்ப்பும் வேறு வேறு பிளக் பாயின்ட். இரண்டு எர்த், அவற்றை இணைக்கும் என் கேபிள். வளையமாகிவிட்டது. இதற்கென்றே ஐசோலேஷன் பாக்ஸ் விற்கிறது, என்னிடம் இல்லை. இரண்டையும் ஒரே போர்டில் மாட்டினால் குறையும் என்று எக்ஸ்டென்ஷன் தேடிப் போனேன்.

திரும்பி வந்தால் இரைச்சல் சுத்தமாக இல்லை.

சவுண்ட் செட் சண்முகம் அண்ணன் கையில் கட்டிங் பிளேயரோடு நின்றார்.

"என்னண்ணா பண்ணீங்க?"

"வலது பக்க ப்ளக்ல மேல இருக்குற குண்டு பின்ன ஒடச்சிட்டன். அது டம்மி பின்னுப்பா. அதுல கரண்டே வராது."

"அது எர்த் பின்னுண்ணா. கரண்டு வராது, போகும். உள்ள லீக் ஆனா போறதுக்கு அது ஒண்ணுதான் வழி. அத அடைச்சா ஆளு மேலதான் போகும்."

"எத்தன மேட பாத்துட்டன். ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவல. படிச்ச புள்ளைங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்."

எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பாடகி ஷாலினி அவருடைய மகள். கடைசிப் பாட்டில் அவள் ஒரு கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் கிட்டார் கம்பிகளை ஓர் இழுப்பு இழுப்பாள். கூட்டம் விசிலடிக்கும்.

ஒரு கை மைக். ஒரு கை கிட்டார். நடுவில் நெஞ்சு.

வாதம் பண்ண எனக்குப் பொறுமை கிடையாது. கிட்டாரை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, இடது ஆம்ப்பின் கேபிளைக் கழற்றினேன். அதுவரை இடப்பக்க எர்த்தே கேபிள் வழியாக இரண்டு ஆம்ப்புக்கும் காவல். யார் காலிலாவது மாட்டி அந்தக் கேபிள் கழன்றால் அதுவும் போயிற்று.

அண்ணனின் டெஸ்ட் லேம்ப்பையே எடுத்தேன். ஜீரோ வாட்ஸ் பல்பு, இரண்டு ஒயர். ஒரு முனை, எர்த்தோடு சேர்ந்த மைக் வலையில், மறு முனை கிட்டார் கம்பியில்.

பல்பு எரிந்தது. மங்கலாகத்தான். ஆனால் எரிந்தது.

மேடைக்குக் கீழிருந்து கல்யாணப் பெண்ணின் மாமா குரல் கொடுத்தார்: "ஏமய்யா, அதான் லைட்டு எரியுதே? கரண்டு இருக்குதில்ல, ஆரம்பிங்கப்பா."



ஷாலினி மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, வேப்பனப்பள்ளி திருவிழாவுல கை சுர்ருன்னு இழுக்குதுன்னு சொன்னேன் இல்ல? வேர்வையா இருக்கும், தொடச்சிக்கோன்னு சொன்ன."



அண்ணன் சுவிட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, அந்த வலது ஆம்ப்பைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். இரண்டு பேர் தூக்க வேண்டிய ஆம்ப். பிடிக்கப் போனவனைத் தோளாலேயே தள்ளிவிட்டார்.

மிச்சம் ஒரே ஆம்ப். அதன் ப்ளக்கில் மூன்று பின்னும் இருக்கிறதா என்று பார்த்தேன். கேபிளை மாட்டி மறுபடியும் லேம்ப் வைத்தேன். எரியவில்லை.

"ஓகேண்ணா."

அவர் மேடையேறி வந்தார். யாரிடமும் கேட்கவில்லை. ஒரு கையால் மைக்கை இறுக்கிப் பிடித்தார். இன்னொரு கையை விரித்து என் கிட்டாரின் ஆறு கம்பிகள் மேலும் அழுத்தி வைத்தார்.

"ஒண்ணுமில்ல. பாடும்மா."

ஷாலினி பாடினாள். கடைசிப் பாட்டில் என் பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

கிட்டார் சத்தம் மொட்டையாக இருந்தது என்கிறவர்களுக்கு: ஆமாம், மொட்டைதான்.

அண்ணன் கடைசியில் செய்ததை டெஸ்ட் என்று நினைத்து யாரும் செய்துவிடாதீர்கள். அவர் அப்பா, அதனால் செய்தார்.

உங்கள் மேடையிலும் யாராவது டம்மி பின் என்று சொல்லிக்கொண்டு வருவார். அவருக்கு எர்த் பாடம் எடுக்காதீர்கள். இன்றைக்கு மைக் பிடிக்கப்போவது யார் என்று மட்டும் கேளுங்கள்.